பழைய லேத் வீட்டுக்கு வரும்போது

நான் முதன்முதலில் லேத் பார்க்கப் போனது கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில், மூடிக் கிடந்த ஒரு பட்டறைக்கு. நாற்பது வருஷம் டர்னராக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவரையும் கூட்டிப் போயிருந்தேன். மெஷின் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. விற்பவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். சத்தமே இல்லாமல் ஓடியது. என் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. பெரியவர் ஓடுகிற மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்தச் சொன்னார். டெயில்ஸ்டாக் பக்கம் குனிந்து பெட்டின் விளிம்பில் நகத்தைக் குறுக்காக வைத்து உரசினார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி உரசினார். இப்படியே சக் வரை வந்தார். சக்குக்கு ஒரு சாண் முன்னால் நகம் தட்டி நின்றது.

"இந்த எடத்துல தின்னுருக்குதுங் தம்பி. பெயிண்டப் பாக்காதீங்க, பெட்டத் தடவுங்க."

அப்படியானால் வேண்டாமா என்று கேட்டேன். "யாருங் வேண்டாம்னது? வெலயக் கொறச்சுக் கேளுங்க. குறையில்லாத சம்பந்தம் தேடுனவங்க வூட்ல கலியாணமே நடக்காதுங்."

வாங்கினேன். இன்றும் அந்த லேத்தில்தான் வேலை செய்கிறேன். பழைய லேத்தில் குறை இருக்கும். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டால் அதை வைத்தே நுணுக்கமான வேலை செய்யலாம். அளக்காதவருக்குப் புது மெஷினும் உதவாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த அளவெடுப்பைப் பற்றியதுதான்.

எந்த லேத்

இங்கிலாந்தில் வீட்டு லேத் ஒரு பழைய வழக்கம். 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகை 1898லேயே அங்கே தொடங்கிவிட்டது. நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் 1946ல் கொண்டுவந்த எம்.எல்.7, வீட்டுப் பின்கட்டில் வைத்து விளையாட்டு ரயில் எஞ்சின் கடைவதற்கென்றே பிறந்த மாதிரியான மெஷின். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம் கைக்கு வருவது பட்டறையில் உழைத்துத் தேய்ந்து, சி.என்.சி. வந்த பிறகு மூலைக்குத் தள்ளப்பட்ட மெஷின்கள்தான். பெங்களூர் எச்.எம்.டி., ஹரிஹர் மைசூர் கிர்லோஸ்கர், கோவை பி.எஸ்.ஜி., பிறகு பட்டாலாவிலும் ராஜ்கோட்டிலும் வார்த்த எண்ணற்ற பெயர்கள். முதல் மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் யோசிக்காதீர்கள். மற்றவற்றை மெஷினுக்கு மெஷின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே தங்கமும் உண்டு, தகரமும் உண்டு.

நம் ஊரில் லேத்தைப் பெட்டின் நீளத்தை வைத்து அடிக்கணக்கில் சொல்வார்கள். வீட்டுக்கு நாலரை அடி போதும். ஆறடி லேத் மலிவாகக் கிடைக்கிறதே என்று சபலப்படாதீர்கள். ஒன்றரை அடி கூடுவதோடு போகாது. எடையும், சரிசெய்ய வேண்டிய முறுக்கும், அடைக்கிற இடமும் சேர்ந்தே வரும். நாலரை அடி லேத்தே அரை டன்னை ஒட்டி நிற்கும். வீட்டு மாடித்தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அதனால் இது தரைத்தளத்து மெஷின். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் நாற்பது கிலோ சுற்றளவில் வருகிற சீன மேசை லேத்தைப் பார்க்கலாம். பழைய டர்னர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடிகார உதிரி, பேனா, சின்ன எஞ்சின் மாடல் எல்லாம் அதில் நன்றாகவே வரும்.

பார்க்கும் முறை

கையில் கொண்டுபோக வேண்டியவை: காந்தக் கால் வைத்த ஒரு டயல் கேஜ், இரண்டடி நீளத்துக்கு ஒரு மரக்கட்டை, டார்ச், பழைய துணி. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் பெட். எந்தப் பட்டறையிலும் பெரும்பாலான வேலை சக்கை ஒட்டிய ஓரடியில்தான் நடக்கிறது. கேரேஜ் அந்த இடத்திலேயே போய்வந்து அங்கே மட்டும் தேய்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் வார்த்த நாளில் இருந்தபடியே இருக்கும். நகம் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. இன்னொன்று, கேரேஜை சக்கின் அருகே கொண்டுவந்து, அதைப் பெட்டோடு பிடிக்கும் போல்ட்டை லேசாக இழுக்கிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு டெயில்ஸ்டாக் பக்கம் கைச்சக்கரத்தால் தள்ளுவது. பாதி வழியில் இறுகிச் சிக்கினால், சக் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அந்த இறுக்கமே சொல்லிவிடும். தள்ள முடிகிற இறுக்கம் என்றால் பாதகமில்லை. கேரேஜ் அப்படியே நின்றுவிட்டால் பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு மெஷின் விலையைத் தொட்டுவிடும்.

அடுத்து ஸ்பிண்டில். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்துச் சுற்றி, டயல் முள் ஆடுவதைப் பார்த்து 'ஸ்பிண்டில் போயிற்று' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்று தாடை சக்குக்கு நம் பட்டறைகளில் ட்ரூ சக் என்று பெயர். பெயரில்தான் ட்ரூ. பழகிய ட்ரூ சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சாதாரணம். மையம் பிசகக் கூடாத வேலைக்கு நாலு தாடையையும் தனித்தனியாக நகர்த்தும் டாக் சக்தான் சரி. ஆகவே சக்கை நம்பாமல் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் டேப்பரைத் துணியால் துடைத்து, டயல் முள்ளை அங்கேயே வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் ஏறக்குறைய அசையவே கூடாது. பிறகு டயலை சக்கின் தலைமேல் வைத்து, மரக்கட்டையை சக்குக்கு அடியில் கொடுத்து நெம்புங்கள். 0.02 மி.மீ.க்குள் அடங்கினால் மகிழ்ச்சி. 0.05 என்று காட்டினால் பேரிங்கை இறுக்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய லேத்களில் கன்மெட்டல் புஷ் இருக்கும். பெரும்பாலும் அதை இறுக்கிச் சரிக்கட்ட வழி வைத்திருப்பார்கள். இறுக்கிய பிறகு இருபது நிமிடம் ஓட்டி ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது.

மற்றவற்றுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். பேக் கியரின் பற்களை டார்ச் அடித்து எண்ணுங்கள். கழலாத சக்கைக் கழற்ற பேக் கியரைப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பல் உடைவது அதனால்தான். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று வெறுமனே போனாலும் பயப்படாதீர்கள். பேக்லாஷ் எல்லா லேத்திலும் உண்டு. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்தால் அது தொல்லை தராது.

சேஞ்ச் கியர்களை மட்டும் அங்கேயே, விற்பவர் கண்ணெதிரே எண்ணிவிடுங்கள். நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால் நான்கு கியர் குறைவு. விற்றவர் அதற்குள் கடையைக் காலி செய்திருந்தார். ஒன்றரை வருஷம் மரை போட முடியாமல் தவித்தேன். குறிப்பாக 127 பல் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேத்களின் லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் அங்குலத்துக்கு 4 மரை என்ற கணக்கில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாகப் போட வைக்கும் எண் இதுதான். அது இல்லாமலும் கிட்டத்தட்ட அளவுக்குக் கியர் சேர்க்கலாம். ஆனால் நீளமான மரையில் நட் பாதி வழியில் இறுகி நிற்கும்.

கொண்டுவருதல்

இதைக் கூலிக்கு விடுங்கள். மெஷின் ஏற்றி இறக்கியே பழகியவர்கள் கோவையிலும் அம்பத்தூரிலும் இருக்கிறார்கள். செயின் பிளாக், பெல்ட், உருளைக்குக் குழாய் எல்லாம் அவர்களிடமே இருக்கும். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பெல்ட்டை லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ மாட்ட விடாதீர்கள், பெட்டின் அடியில் கொடுக்கச் சொல்லுங்கள். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் என்பதால், கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டிய பிறகே தூக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நீங்கள் வீடு வந்து சேர்ந்து வாசல் அகலத்தை அளந்துவிடுவதும் நல்லது. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் இன்றும் ஒரு பிளவு இருக்கிறது. யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கரண்ட்

பட்டறை லேத்தில் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். இரண்டு வழி. 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் வாங்கி மாட்டுவது எளிது. சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. வைத்துப் பழைய மோட்டாரையே ஓட்டுவது கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் கைப்பிடியைத் திருப்பினால் வேகம் மாறும். அப்படிச் செய்வதானால் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டிருக்கும். அதையே டெல்டாவுக்கு மாற்றினால் 240 வோல்ட்டில் ஓடும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை வந்திருந்தால் மூன்று பட்டைகளை மாற்றிப் போடும் வேலைதான். மூன்று முனை மட்டும் இருந்தால் காயில் கட்டுபவரிடம் எடுத்துப்போக வேண்டும். வி.எஃப்.டி.யில் வேகத்தை மிகவும் குறைத்துக் கனமான வெட்டு எடுக்காதீர்கள். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். குறைந்த வேகத்துக்கு பேக் கியரே சரி. சக் மரையில் ஏறும் வகை என்றால் சட்டென்று நிறுத்தும் பிரேக் அமைப்பைத் தொடாதீர்கள். ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் நிற்காது. கழன்று மடிக்கு வரும்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் கரண்ட் போகும், வரும். சாதாரண சுவிட்சில் லேத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? சலித்துக்கொண்டு, வெட்டின் அளவைப் பார்க்க வெர்னியரை எடுத்துக் குனிவீர்கள். அந்த நேரத்தில் கரண்ட் வந்தால் சக் தானாகச் சுற்றும். அதனால் லேத்துக்கு சுவிட்ச் கூடாது, ஸ்டார்ட்டர்தான் வேண்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு வைக்கிறோமே, பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் வைத்தது, அதேதான். கரண்ட் போனதும் அது விழுந்துவிடும். மறுபடி நீங்கள் அழுத்தினால்தான் ஓடும். ஆனால் ராத்திரியில் எழுந்து போகச் சோம்பல்பட்டு விவசாயிகள் வைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது லேத்தின் பக்கமே வரக் கூடாது. வி.எஃப்.டி.யிலும் கரண்ட் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். எர்த் கம்பியை மெஷினின் வார்ப்போடு நேரடியாக முடுக்குங்கள்.

இன்னொன்று: வீட்டு மின் இணைப்பு வீட்டுக்குத்தான். பொழுதுபோக்காகச் செய்யும்வரை சரி. பக்கத்து வீட்டு மிக்ஸி புஷ்ஷில் தொடங்கி மெல்ல மெல்லக் கூலிக்கு வேலை எடுக்க ஆரம்பித்தால் இணைப்பின் வகையை மாற்றியாக வேண்டும்.

முறுக்கு எடுத்தல்

ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துவிட்டேன் என்று திருப்தியோடு வேலையைத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கப்பலிலும் லேத் உண்டு. கடல் சமமாகவா இருக்கிறது? லேத் சாய்ந்திருந்தாலும் சரியாகக் கடையும். முறுக்கிக்கொண்டிருந்தால்தான் கடையாது. ஒரு பக்கத்துக் கால்கள் ஒரு சாய்விலும் மறுபக்கத்துக் கால்கள் வேறு சாய்விலும் நின்றால், அத்தனை கனமான வார்ப்பும் ஈரத்துணி பிழிவதைப் போல நூலளவு முறுக்கிக்கொள்ளும். நூல் என்றது பேச்சுக்கு. அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற ஆசாரிக் கணக்கில் பார்த்தால் ஒரு நூல் மூன்று மி.மீ.க்கும் மேல், நான் சொல்வது அதில் நூறில் ஒரு பங்கு. கொத்தனாரின் ரசமட்டத்துக்கு அது தெரியாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் விலை அதிகம். யாரிடமாவது ஒரு நாள் இரவல் கிடைத்தால் பெட்டின் குறுக்கே இரு முனைகளிலும் வைத்து, இரண்டு இடத்திலும் குமிழி ஒரே மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் போகட்டும். லேத்தே ஒரு லெவல்தான். அது வெட்டிக் காட்டுவதை மைக்ரோமீட்டரில் படித்தால் போதும்.

40 மி.மீ. கம்பி ஒன்றை சக்கில் இறுகப் பிடியுங்கள். வெளியே 150 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். டெயில்ஸ்டாக்கைத் தொடாதீர்கள், முட்டுக்கொடுத்தால் சோதனையே பொய்யாகிவிடும். கம்பியின் நடுப்பகுதியை இரண்டு மி.மீ. ஆழத்துக்குக் கடைந்து எடுத்துவிட்டால் சக் பக்கம் ஒரு வளையமும் வெளி முனையில் ஒரு வளையமுமாக மேடு நிற்கும். டூலை நன்றாகத் தீட்டிக்கொண்டு, கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே ஓட்டத்தில் இரண்டு வளையங்களிலும் 0.1 மி.மீ. வெட்டு எடுங்கள். வெட்டைக் கூட்டாமல் அதே ஓட்டத்தை இன்னும் இரண்டு முறை விடுங்கள். கம்பி வளைந்து விலகுவதால் வரும் பிழை அதில் போய்விடும். ஆறியதும் இரண்டு வளையங்களையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள்.

வெளி முனை வளையம் பெரிதாக இருந்தால், அங்கே போகும்போது டூல் வேலையை விட்டு உங்கள் பக்கம் விலகுகிறது என்று அர்த்தம். டெயில்ஸ்டாக் பக்கத்தில், நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலை உயர்த்துங்கள். பெட் பின்னால் சாயும், டூல் வேலையை நெருங்கும். வெளி முனை சிறிதாக இருந்தால் அதே கோடியில் பின்பக்கத்துக் காலை உயர்த்த வேண்டும். உயர்த்த ஷிம் தகடு வேண்டும். குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டலாம், காசும் கிடையாது. எவ்வளவு கனத்துக்கு வைப்பது என்று கணக்குப் போட்டு உட்கார வேண்டாம். ஒன்று வையுங்கள், போல்ட்டை இறுக்குங்கள், மறுபடி வெட்டிப் பாருங்கள். போல்ட்டை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவராவிட்டால் ராத்திரி முழுக்க உங்கள் வாலை நீங்களே துரத்திக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வளையங்களுக்கும் 0.02 மி.மீ.க்குள் வித்தியாசம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு முதல் தடவை மூன்று மாலைகள் பிடித்தன, கடைசியில் 0.015ல் விட்டேன்.

முறுக்கு போன பிறகும் ஒரு பிழை மிஞ்சும். பெட் தேய்ந்த இடத்தில், அதிலும் முன்பக்கத்துத் தடம் கூடுதலாகத் தேய்ந்த இடத்தில், கேரேஜ் உங்கள் பக்கம் சாய்ந்து டூல் விலகும். அங்கே மட்டும் விட்டம் கூடும். இதை ஷிம் வைத்து எடுக்க முடியாது. இன்னொரு நீளக் கம்பியைச் சீராகக் கடைந்து, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக அளந்து, எண்களை ஒரு தாளில் எழுதி ஹெட்ஸ்டாக்கில் ஒட்டுங்கள். என் தாளில் சக்கிலிருந்து 18 சென்டிமீட்டர் வரை 0.03 கூடும் என்று இருக்கிறது. துல்லியம் வேண்டிய இடத்தை அதைத் தாண்டி வரும்படி வேலையைப் பிடிப்பேன். முடியாதபோது கடைசி 0.03ஐ அரத்திலும் எமரித் தாளிலும் எடுப்பேன். எமரியைத் துண்டாக வெட்டி இரண்டு முனைகளையும் விரல் நுனியில் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

டெயில்ஸ்டாக்கை நேர்ப்படுத்துவது இதற்கெல்லாம் பிறகுதான். முறுக்கு இருக்கும்போதே டெயில்ஸ்டாக்கை நகர்த்தி ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்த லேத்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சென்டர்களுக்கு இடையில் அழகாகக் கடையும். சக்கில் பிடித்தால் கூம்பு கூம்பாக வரும்.

முதல் வெட்டு

வீடு கட்டியபோது மிஞ்சிய டி.எம்.டி. கம்பியை எடுத்து லேத்தில் பிடிக்காதவர் யாருமில்லை. வேண்டாம். அதன் மேல்தோலைத் தண்ணீரில் குளிர்வித்துக் கடினமாக்கியிருப்பார்கள், உள்ளே மெத்தென்றிருக்கும், மேலே வரிகள் வேறு. டூல் ஒவ்வொரு வரியிலும் அடி வாங்கும். 'எனக்குக் கடைய வரவில்லை' என்று நீங்கள் மனம் உடைந்துபோவீர்கள். இரும்புக் கடையில் இ.என்.1ஏ கம்பி கேளுங்கள். பிரீ கட்டிங் என்று சொன்னாலும் தருவார்கள். கடைவதற்கென்றே செய்த எஃகு அது.

டூலுக்கு எச்.எஸ்.எஸ். போதும். கார்பைடு நல்லதுதான், ஆனால் அது வேகத்தையும் விறைப்பையும் கேட்கும். நம் லேத்தில் இரண்டுமே குறைவு. எச்.எஸ்.எஸ்.ஸைக் கிரைண்டரில் நாமே தீட்டிக்கொள்ளலாம். மென் எஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 320ஐ அந்த வேகத்தால் பெருக்கி, மி.மீ.யில் விட்டத்தால் வகுத்தால் சுற்று வரும். 25 மி.மீ. கம்பிக்கு 320 சுற்று. வார்ப்பிரும்புக்கு இதைவிடக் குறைக்க வேண்டும், பித்தளைக்கு இரண்டு மடங்கு கூட்டலாம், அலுமினியத்துக்கு இன்னும் கூட. எஃகுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். வார்ப்பிரும்பையும் பித்தளையையும் காய்ந்தபடியே கடையுங்கள்.

டூல் முனை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வட்டக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாகப் பிடியுங்கள். ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றால் சரி. தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. மறுபக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

உடுப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொங்கும் முழுக்கை எதுவும் கூடாது. கையுறை கூடவே கூடாது. சுற்றும் மெஷினில் கையுறை கையைக் காப்பாற்றாது, கையைப் பிடித்து உள்ளே இழுக்கும். மோதிரத்தைக் கழற்ற எல்லோருக்கும் தெரியும். கோயிலில் மணிக்கட்டில் கட்டிய கயிறு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. அதை அவிழ்க்க மனம் வராவிட்டால் அன்றைக்கு லேத்தை ஓட்டாதீர்கள். செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். கொதிக்கிற சுருள் ஒன்று செருப்புக்கும் காலுக்கும் நடுவே விழுந்தால் நீங்கள் ஆடும் ஆட்டத்தில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். சக் சாவியிலிருந்து கையை எடுப்பதற்கு முன் சாவியை சக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

லேத்தில் மில்லிங்

மில்லிங் மெஷினுக்கு அடுத்த அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அது வாங்கும்வரை கீவே போடவும் ஒரு முகத்தைத் தட்டையாக்கவும் லேத்தே போதும். கிராஸ் ஸ்லைடின் மேல் வெர்டிகல் ஸ்லைடு ஒன்றைப் பூட்டி, வேலையை அதில் பிடித்து, கட்டரை ஸ்பிண்டிலில் சுற்ற விடுவதுதான் முறை. கட்டரை ட்ரூ சக்கில் பிடித்தால் வழுக்கும். டிரில் சக்கில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். டிரில்லிங் அழுத்தம் நேராக உள்ளே தள்ளும். மில்லிங் பக்கவாட்டில் உலுக்கும். உலுக்க உலுக்க டேப்பர் தளர்ந்து டிரில் சக் கட்டரோடு கழன்று விழும். காலெட் வாங்குங்கள், ஸ்பிண்டிலின் பின்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளப் போல்ட்டும் அதோடு வேண்டும்.

10 மி.மீ. எண்ட் மில்லுக்கு எஃகில் 800 சுற்று, 0.5 மி.மீ. ஆழம். வேலையை எப்போதும் கட்டரின் பல் வரும் திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். பல் போகும் திசையிலேயே தள்ளினால், பேக்லாஷ் உள்ள கிராஸ் ஸ்லைடைக் கட்டர் தானே பிடித்து இழுத்துக்கொள்ளும். ஒரு நொடியில் கட்டரும் போகும், வேலையும் போகும். என் முதல் எண்ட் மில் அப்படித்தான் மூன்று துண்டானது.

மழைக்காலமும் ஆயுத பூஜையும்

வேலை முடிந்ததும் சுருள்களைக் கொக்கியால் இழுத்தெடுத்து, தூளைப் பிரஷ்ஷால் தள்ளி, பெட்டைத் துடைத்து 68 கிரேடு ஸ்லைடு ஆயில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, ஒரே இரவில் துரு பூக்கும். சென்னைக் கடற்காற்றில் இருப்பவர்கள் ஐப்பசி கார்த்திகையில் தினமும் ஒரு முறை எண்ணெய் பார்க்க வேண்டும், வேலை செய்யாத நாளிலும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் வையுங்கள், ஆனால் ஹெட்ஸ்டாக் மூடியின் மேல். பெட்டில் வைத்தால் ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் காலையில் துருப்பொட்டு இருக்கும். விபூதித் தூள் எண்ணெயோடு கலந்து கேரேஜுக்கு அடியில் போய் எமரி வேலை பார்க்கும். எலுமிச்சம்பழத்தைப் பெட்டில் வைத்து நறுக்கிய ஒரு நண்பரின் லேத்தில் இன்றைக்கும் அந்த அரைவட்டம் தெரிகிறது.

ஆறு மாதம் கழித்து இரண்டு வளையச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புது சிமெண்ட் தளம் என்றால் இறங்கியிருக்கும், ஷிம்மும் அமுங்கியிருக்கும். ஹெட்ஸ்டாக்கில் ஒட்டிய தாளைக் கிழிக்காமல், புது எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதுங்கள்.